கல்யாணச் சாவுக்கு மேளம் வேண்டாமா?



நிறைவாக வாழ்ந்து முடித்தவரை மேளம் கொட்டி வழியனுப்புவது நம் மரபு. அதற்குக் ‘கல்யாணச் சாவு’ என்று பெயரும் உண்டு. தோட்டங்களை விட்டுத் தாமான்களில் குடியேறிவிட்ட நம்மவர் பலருக்கு இன்று அந்தச் சொல்லே கூச்சத்தைத் தருகிறது. “அக்கம் பக்கத்தில் என்ன நினைப்பார்கள்?” என்ற ஒரே கேள்வியில் மேளம் தெருமுனையிலேயே நின்றுவிடுகிறது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் என் பாட்டி தம் 94ஆம் அகவையில் மறைந்தபோது எங்கள் குடும்பத்திலும் இவ்வழக்கு எழுந்தது. படித்துப் பதவியில் இருப்பவர்களே மேளத்தை எதிர்த்தார்கள். நான் மேளத்தின் பக்கம் நின்றேன்.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நடுச்சாலையில் வெடி வெடிப்பதும், குடித்துவிட்டு ஊர்தியை மறித்து ஆடுவதும் எனக்கும் உடன்பாடானவை அல்ல. நான் கேட்பது பகல் வேளையில் ஒரு மணி நேர மேளம். அவ்வளவுதான்!

பாட்டி 1928இல் பேராக்கில் ஓர் இரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். 1941 டிசம்பரில் சப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கியபோது அவருக்கு 13 வயது. அரிசி அரிதாகி மரவள்ளிக் கிழங்கே உணவானது. 1943இல் அவருடைய அண்ணனைச் சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளப் பாதை அது. அண்ணன் திரும்பவே இல்லை. போர் முடிந்த 1945இல், கையில் இருந்த வாழைமர நோட்டுகள் வெறுந்தாள்களாயின. அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரை பிடித்து, மங்கு மங்காகப் பால் எடுத்து, காண்டா சுமந்தார்.

இவை அனைத்தும் உண்மை. ஆனால், நம் இரங்கலுரைகள் இவற்றோடு நின்றுவிடுகின்றன. “பாவம், எவ்வளவு துன்பப்பட்டார்!” என்று பெருமூச்சு விட்டு அமர்ந்துவிடுகிறோம். அண்ணனை நினைத்துப் பாட்டி அழுததை நான் பார்த்திருக்கிறேன். அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதே அண்ணன் கிராணியின் மிதிவண்டியை ஒளித்து வைத்த கதையைச் சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததையும் பார்த்திருக்கிறேன். அழுகையை மட்டும் எழுதிவிட்டுச் சிரிப்பை விட்டுவிடுவது எந்த வகையில் நியாயம்?

1983இல் 55 வயதாகி, ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் பாட்டி செய்த முதல் வேலை, வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கியதுதான். வங்கியில் போடச் சொன்ன பிள்ளைகளிடம், “வங்கி எனக்குப் படம் காட்டுமா?” என்று கேட்டாராம். தோட்டத்தில் மின்சாரம் மாலையில் சில மணி நேரமே வரும். அந்தச் சில மணி நேரமும் லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் இருப்போம். பாட்டிக்கு மிகவும் பிடித்தது மல்யுத்தம்! ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. ஆனால், நடுவர் எங்கே ஓரவஞ்சனை செய்தார் என்பதை மறுநாள் ஆயாக்கொட்டகை வரை போய் விளக்கி வருவார்.

தாயம் ஆடினால் பாட்டியை வெல்ல முடியாது. காரணம் திறமை அன்று, அழுகுணி ஆட்டம். வெற்றிலைப் பெட்டியை நகர்த்துவதுபோல் காயையும் சேர்த்து நகர்த்திவிடுவார். கண்டுபிடித்துவிட்டால், “வயசான காலத்துல கண்ணு தெரியலடா” என்பார். நாலு நம்பர் முடிவுகளை மட்டும் அதே கண் பொடி எழுத்திலும் படித்துவிடும். தாமானுக்கு வந்த பிறகு, பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டியோடு வேலியோரம் நின்று பேசிச் சிரிப்பது அவருடைய மாலைக் கடமை. முறுக்கு அந்தப் பக்கம் போகும். ரெண்டாங் இந்தப் பக்கம் வரும். “அக்கம் பக்கத்தார் என்ன நினைப்பார்கள்” என்று அஞ்சியவர்கள் யாரும் அந்த வேலியோரம் நின்றதில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டியுள்ளது.

இத்தகைய வாழ்வை ஓசையின்றி முடித்துவைப்பதுதான் நாகரிகமா? 2020, 2021ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்றுக் காலத்தில், மேளம் மட்டுமன்று, தோள் கொடுக்க உறவும் இல்லாமல் போன முதியவர்கள் எத்தனை பேர்! அன்று அது கட்டாயம். அந்தக் கட்டாயம் நீங்கிய பிறகும் நாமே விரும்பி அப்படி அனுப்ப வேண்டுமா?

இன்னொன்றையும் ஓர் ஆசிரியனாகச் சொல்லியாக வேண்டும். ‘என் பாட்டி’ என்று கட்டுரை எழுதச் சொன்னால் என் மாணவர்கள் எழுதும் பாட்டிக்கு எப்போதும் நரைத்த கூந்தல், மூக்குக் கண்ணாடி, இரவில் நீதிக்கதை. உண்மையில் அவர்களின் பாட்டிமாருள் பலர் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். மகிழுந்து ஓட்டிவந்து பேரப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடுகிறார்கள். கண்ணெதிரே இருப்பவரை விட்டுவிட்டு, பயிற்சிப் புத்தகத்துப் பாட்டியைப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். நாமும் அதைத் திருத்திப் புள்ளி போடுகிறோம். இவ்வாண்டு முதல் நான் அவ்வாறு கேட்பதில்லை. “உன் பாட்டி கடைசியாக எதற்குச் சிரித்தார்? கேட்டு எழுதி வா” என்கிறேன். வருகிற கட்டுரைகளில் பிழைகள் மிகுதி. ஆனால், படிக்கும்போது எனக்கே சிரிப்பு வந்துவிடுகிறது.

எங்கள் வழக்கைப் பெரிய மாமாதான் தீர்த்து வைத்தார். “அம்மா என்ன, சத்தம் போடாமலா இருந்தாங்க?” என்று கேட்டார். எதிர்த்தவர்களிடம் பதில் இல்லை. மேளம் வந்தது. பேரப் பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்தோம். மேளம் தொடங்கியதும் பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டி தம் நாற்காலியை வேலியோரம் இழுத்துப் போட்டு அமர்ந்தார்; ஊர்தி புறப்படும்வரை எழவில்லை.

பாட்டியின் தாயக்கட்டைகள் இப்போது என் வகுப்பறை அலமாரியில் இருக்கின்றன. நான்காம் ஆண்டு மாணவர்கள் ஓய்வு நேரத்தில் உருட்டுகிறார்கள். அழுகுணி ஆட்டம் ஆட நான் சொல்லிக் கொடுக்கவில்லை. இருந்தும், ஒரு சிறுமி நேற்றுப் புத்தகத்தை நகர்த்துவதுபோல் காயையும் நகர்த்திவிட்டாள்.