பெயருக்குப் பின்னே... 'பென்னிகுவிக்' என்றால் குயில் குன்று!

சட்டமன்ற சபாநாயகராக இருந்த கே.ஏ.மதியழகன் பெயரில் முதலில் நிற்கும் 'கே' எதைக் குறிக்கிறது தெரியுமா? உடுமலைப் பக்கம் உள்ள கணியூரை! ஊரை இனிஷியலாகச் சுமப்பது நம் வழக்கம். ஆங்கிலேயர்களிலும் ஊர்ப்பெயரைச் சுமப்பவர்கள் உண்டு. ஆனால், அங்கே அது பெயருக்குப் பின்னால் நின்று, தலைமுறை தலைமுறையாகத் தொடரும்.

அப்படியொரு அபூர்வமான குடும்பப் பெயர், தமிழ்நாட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதுதான் பென்னிகுவிக்!

ஸ்காட்லாந்தில், எடின்பரோவுக்குத் தெற்கே இருக்கும் சிற்றூரின் பெயர் அது. 'பென்னி' என்றதும் காசு ஞாபகம் வரும். ஆனால், காசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழைய பிரித்தானிய மொழியில் 'பென்' என்றால் குன்று. 'கோக்' என்றால் குயில். குயில் கூவும் குன்று! அங்கே உச்சரிப்பு 'பென்னிகுக்'. 'பென்னிகுக்' என்றே எழுதிக்கொள்ளும் குடும்பங்களும் உண்டு. நாம் எழுத்துக்கூட்டிப் படித்து 'பென்னிகுவிக்' ஆக்கிவிட்டோம்.

ஜான் பென்னிகுவிக் பிறந்தது 1841 ஜனவரி 15, புனேயில். எட்டாவது பிறந்தநாளுக்கு இரண்டே நாள் இருக்கும்போது, சில்லியன்வாலா போரில் அப்பாவும் அண்ணனும் ஒரே நாளில் பலியானார்கள். அந்தச் சிறுவன்தான் வளர்ந்து இன்ஜினீயராகி, 1887-ல் தொடங்கிய முல்லைப் பெரியாறு அணையை 1895-ல் கட்டி முடித்தார். மேற்கே ஓடிய தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வைகைப் பக்கம் திரும்பியது. தேனி, மதுரை வயல்கள் பச்சையாயின.

நன்றிக்கடனை மக்கள் விதவிதமாகத் தீர்க்கிறார்கள். தேனி மாவட்டம் பாலார்பட்டியில் அவர் பெயர் சொல்லிப் பொங்கல் வைக்கிறார்கள். கூடலூர் லோயர் கேம்ப்பில் 2013-ல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவர் வாழ்ந்த கேம்பர்லி நகரில் 2022-ல் தமிழ்நாடு அரசு சிலை வைத்தது.

இவற்றைவிடப் பெரியது ஒன்று உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கே பென்னிகுவிக் என்று பெயர் வைக்கிறார்கள். அங்கே கடைசியில் நின்ற குடும்பப் பெயர், இங்கே அப்பாவின் இனிஷியலோடு சொந்தப் பெயராகிவிட்டது.

கதை இதோடு முடியவில்லை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து அப்பா ஆவார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பாஸ்போர்ட் எடுக்கும்போது, 'சர்நேம்' கட்டத்தில் நம்மூர் வழக்கப்படி அப்பா பெயரை எழுதுவார்கள். ஸ்காட்லாந்துக் குயில் குன்று, அப்போது மறுபடியும் குடும்பப் பெயராகிவிடும்... இந்த முறை தமிழ்க் குடும்பத்துக்கு!