பேசும் கடிதங்களைப் படியெடுத்தல்

ஊரைவிட்டு வந்து வாழும் நம்மவர் இல்லங்களில் பழைய பெட்டியைத் திறந்தால் நாலைந்து ஒலிநாடாக்களேனும் அகப்படும். கடிதத்திற்குப் பதிலாக ஊரிலிருந்து பேசி அனுப்பியவை அவற்றுள் சில. அவற்றைக் குறுந்தட்டில் படியெடுக்க, கணிப்பொறியின் துணையின்றித் தனித்தியங்கும் பதிவுக் கருவிகளுள் எதை வாங்கலாம் என அன்பர் சிலர் வினவினர். நாம் பட்டறிந்ததை ஈண்டு உரைப்போம்.

1990களின் பிற்பகுதியில் பிலிப்ஸ், பயனியர் முதலிய நிறுவனங்கள் இல்லப் பயனுக்கென இக்கருவிகளை வெளியிட்டன. இன்று அவை பெரும்பாலும் பழைய பொருளாகவே விலைக்கு வருகின்றன. ஆதலின் விற்பவர் முன்னிலையிலேயே ஒரு தட்டில் பதிந்து, அதை வேறொரு கருவியில் ஒலிக்கச் செய்து பார்த்தல் வேண்டும். தட்டில் பதியும் லேசர் நாட்பட்டால் வலுவிழக்கும்.

அடுத்து நோக்க வேண்டுவது தட்டின் வகை. இல்லப் பயனுக்கென வந்த கருவிகள் பெரும்பாலும் ‘டிஜிட்டல் ஆடியோ’ எனக் குறித்த தட்டுகளையே ஏற்கும். கணிப்பொறிக்கென விற்கும் தட்டுகளை ஏற்கமாட்டா. ஒலிப்பதிவு நிலையங்களுக்கென அமைந்த கருவிகள் இருவகையையும் ஏற்கும். தட்டு எளிதில் கிடைக்காவிடில் கருவியால் பயனென்ன?

தட்டொன்றில் 80 நிமிடம் வரை பதியலாம். 60 நிமிட நாடா அதில் அடங்கும். 90 நிமிட நாடாவுக்கு இரண்டு தட்டுகள் வேண்டும். பதிந்து முடித்தபின் ‘பைனலைஸ்’ என்னும் நிறைவுப் பணியைச் செய்யாவிடில், பிற கருவிகளில் அத்தட்டு ஒலிக்காது.

எல்லாவற்றினும் முதன்மையானது, ஒலியளவைக் கையால் கூட்டவும் குறைக்கவும் உதவும் திருகு. இதை நாம் இழப்பின் வாயிலாகவே கற்றோம். 1989இல் எம் பாட்டியார் பேசிய நாடா ஒன்றை, கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியில் வந்த உறவினர் நாகபுரியில் எந்தையாரிடம் சேர்ப்பித்தார். அதைப் படியெடுக்கையில் ஒலி உரக்க இருக்கட்டும் என எண்ணித் திருகை மிகுதியாக உயர்த்தினோம். பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லி அவர் உரக்க அழைத்த இடமெல்லாம் கரகரவெனச் சிதைந்து போயிற்று. நாடா சிறிது மிகையைப் பொறுக்கும். எண்முறைப் பதிவோ உச்ச எல்லையைக் கடந்த ஒலியைக் கத்தரித்துவிடும். ஒருமுறை பதியும் தட்டில் அப்பிழையை அழிக்கவும் இயலாது. நற்பேறாக நாடாவை எறியாது வைத்திருந்தோம். உச்ச ஒலியும் எல்லைக்குச் சற்றுக் கீழேயே நிற்குமாறு அமைத்து மறுபடியும் பதிந்தோம்.

மற்றொன்று: நாடாவை ஒலிக்கும் கருவி பழுதாயின், பதியும் கருவி எத்துணைச் சிறந்ததாயினும் பயனில்லை. அதன் தலைப்பகுதியை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் முதலில் துடைத்திடுக. படியெடுத்த பின்னும் நாடாவைக் காத்திடுக. பதிவுத் தட்டும் வெயிலிலும் வெப்பத்திலும் கெடக்கூடியதே. கணிப்பொறியிலும் ஒரு படி இருத்தல் நலம்.

இறுதியாக ஒன்று. பேசுவோர் யார், எவ்வாண்டு என்பதை உறையின்மீது எழுதி வைத்திடுக. எம் இல்லத்து நாடா ஒன்றில் பாடும் பெண்மணி யாரென எந்தையார் ஒருவரே அறிவார். அவரிடம் கேட்டு நேற்றுத்தான் எழுதினோம்.