கொழுந்தை நிறுக்கிறோம், நம்மை நிறுத்துப் பார்த்தோமா?



ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை நாம் தராசுக்கு முன்னால் நிற்கிறோம். கொழுந்து எத்தனை கிலோ, சாக்குக்கு எவ்வளவு கழித்தார்கள், ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று ஒவ்வொரு கிலோவுக்கும் வாதாடுகிறோம். வாதாடத்தான் வேண்டும். ஆனால் கிளினிக்கில் நம்மையே தராசில் ஏறச் சொன்னால் தயங்குகிறோம். பருமனாக இருப்பவருக்கு வெட்கம். ஒல்லியாக இருப்பவருக்கு "எனக்கு எதற்கு இது" என்ற எண்ணம். ஊசி எந்த இலக்கத்தில் நின்றது என்று கேட்காமலே இறங்கி வந்துவிடுகிறோம்.

உடல் எடையைப் பற்றித் தொழிற்சங்கப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். சம்பளமும் வீடும் காணியும் இருக்க, இதுவா முக்கியம்? முக்கியம்தான். சீனி வியாதியும் பிரஷரும் இன்று லயத்துக்கு லயம் வந்துவிட்டன. சீனி கூடியவரின் காலில் ஒரு முள் குத்தினாலோ அட்டை கடித்த இடம் புண்ணானாலோ அது இலேசில் ஆறாது. காலை நம்பி மலையேறும் தொழிலாளிக்கு ஆறாத புண் என்பது போன பேர், போன சம்பளம். சில பேருக்குப் போன காலும்கூட.

பசியின் ஞாபகம்

நம்மவர்களுக்குச் சதை போட்ட உடம்பு என்றால் வசதியான உடம்பு. "இப்பதான் கொஞ்சம் தேறியிருக்கா" என்று பெரியவர்கள் சந்தோஷப்படுவார்கள். அந்தச் சந்தோஷத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1973, 1974 பஞ்ச காலத்தில் மாவுக்கும் அரிசிக்கும் வழியில்லாமல் தோட்டங்களில் உயிர்கள் போயின. கிழங்கையும் இலையையும் அவித்துத் தின்று பிழைத்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பேரப்பிள்ளையின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைப்பதைத் தவறென்று யார் சொல்ல முடியும்?

இன்றும் எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகள் நாட்டின் மற்றப் பகுதிகளைவிடத் தோட்டப்புறத்தில்தான் அதிகம். அப்படிப் பிறந்த பிள்ளைக்குப் பிற்காலத்தில் சீனி வியாதி வரும் ஆபத்தும் கூடுதல் என்று வைத்தியம் சொல்கிறது. ஆக, தாய் வயிற்றில் பட்ட பசியும் நாற்பது வயதில் வரும் பருமனும் இரண்டு வேறு பிரச்சினைகள் அல்ல. ஒரே வறுமையின் இரண்டு முகங்கள். ஒரே காம்பராவில் இரத்தம் குறைந்த மகளும் சீனி கூடிய அம்மாவும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ரொட்டியைத் தேர்ந்தெடுத்தது யார்?

கிளினிக்குப் போனால் "தினமும் அரை மணி நேரம் நடங்கள்" என்பார்கள். விடிந்தது முதல் கூடையோடு மலை ஏறி இறங்கும் பெண்ணுக்கு இதைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். அவளுக்கு நடை குறையவில்லை. தட்டில் இருப்பதில்தான் குறை.

அந்தத் தட்டை நாம் அறியாமையால் நிரப்பவில்லை. விடியப் பிரட்டுக்குப் போக வேண்டிய பெண் அதற்குள் எழுந்து, தண்ணீர் பிடித்து, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, சமைத்தும் வைக்க வேண்டும். மாவைப் பிசைந்து தட்டிப் போட்டால் ரொட்டி சீக்கிரம் ஆகிவிடும். கடதாசியில் சுற்றலாம், கெட்டுப்போகாது, கோப்பை வேண்டாம், நின்றபடியே தின்னலாம். பகல் ஒரு மணி நேரத்தில் பாதி, லயத்துக்குப் போய் வரவே போய்விடுகிறது. மலையிலே சாப்பிடுவதென்றால் உட்கார இடமில்லை, கை கழுவத் தண்ணீரில்லை. இந்த நிலையில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சீனி போட்ட தேத்தண்ணியும்தான் சரிப்படும். வேலை நேரமும் சம்பளமும் சேர்ந்து தேர்ந்தெடுத்த சாப்பாடு இது.

வேலை குறையும்போதுதான் அது உடம்பைக் காட்டிக்கொடுக்கிறது. பென்ஷன் எடுத்த அம்மா, நாள் முழுவதும் சீட்டில் உட்கார்ந்திருக்கும் த்ரீவீலர் தம்பி, கொழும்பில் கடையில் நிற்கும் மகன் எல்லோரும் மலையில் உழைத்த காலத்து அளவிலேயே சாப்பிடுகிறார்கள். செலவாகாத சாப்பாடு இடுப்பில் சேர்கிறது.

நம் கையில் இருப்பவை

இதற்காகச் சம்பளம் உயரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. காசு செலவில்லாமல் இன்றே செய்யக்கூடியவை உண்டு.

முதலாவது சீனி. ஒரு நாளைக்கு ஐந்து கோப்பைத் தேத்தண்ணி, கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து தேக்கரண்டி, கிட்டத்தட்ட 75 கிராம். மாதத்துக்கு ஒருவருக்கே இரண்டேகால் கிலோ. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரேயடியாக நிறுத்தினால் நாக்குக் கேட்காது. வாரத்துக்கு அரைத் தேக்கரண்டியாகக் குறைத்து வந்தால் ஒரு மாதத்தில் நாக்குப் பழகிவிடும். எடையும் குறையும், கடைக் கணக்கும் குறையும்.

இரண்டாவது, நாம் பறிக்கும் தேயிலை. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறைகிறது. இரத்தக் குறைவுக்கு இதுவும் ஒரு காரணம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். இரும்புச்சத்து மாத்திரையையும் தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம். கீரையில் தேசிக்காய் பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

மூன்றாவது தட்டு. பாதித் தட்டுக்குக் கீரையும் மரக்கறியும், கால்வாசிக்குச் சோறு அல்லது ரொட்டி, மீதிக் கால்வாசிக்குப் பருப்பு, கடலை, பயறு, முட்டை, நெத்தலி இவற்றில் ஏதாவது ஒன்று. மலையில் உழைப்பவருக்குச் சோறு சற்றுக் கூடலாம், வீட்டில் இருப்பவருக்குக் குறையலாம். ரொட்டியை விடமுடியாதென்றால் மாவில் குரக்கனும் துருவிய கரட்டும் நறுக்கிய கீரையும் சேர்த்துத் தட்டுங்கள், மூன்றுக்குப் பதில் இரண்டு போதும். வல்லாரையும் பொன்னாங்காணியும் பூசணி இலையும் சவ்சவ்வும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை அல்ல. பிள்ளைக்குப் பணிஸும் பிஸ்கட்டும் வாங்கும் காசுக்கு அவித்த கடலை வாங்கலாம். பானப் போத்தலில் சிவப்பு வட்டம் இருந்தால் சீனி அதிகம் என்று அர்த்தம். அதை வைத்துவிட்டு வாருங்கள்.

பட்டினி கிடந்து எடை குறைப்பது வேண்டவே வேண்டாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் வளரும் பிள்ளைகளும் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. சீனி வியாதிக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் ஒரு வேளையையும் விடக் கூடாது.

கேலி வேண்டாம், கயிறு போதும்

மடுவத்திலும் தண்ணிப் பீலியிலும் "குண்டு", "தடிச்சி" என்று கேலி பேசுகிறோம். பேசுபவருக்கு அது விளையாட்டு. கேட்பவள் அடுத்த தடவை கிளினிக்குக்கே வரமாட்டாள். கேலிக்குப் பயந்து காலைச் சாப்பாட்டை விடும் இளம் பிள்ளைகள் இரத்தம் குறைந்து மயங்கி விழுகிறார்கள். வெட்கத்தால் எவரும் ஆரோக்கியமடைந்ததில்லை. அழகுக்காகவும் அடுத்தவர் கண்ணுக்காகவும் எடையைக் குறைப்பதல்ல நோக்கம். அறுபது வயதிலும் சொந்தக் காலில் ஏற்றம் ஏற வேண்டும், அதுதான் நோக்கம்.

தராசு இல்லாவிட்டாலும் ஒரு கயிறு போதும். உங்கள் உயரத்துக்கு ஒரு கயிற்றை வெட்டி இரண்டாக மடியுங்கள். மடித்த கயிறு தொப்புள் மட்டத்தில் வயிற்றைச் சுற்றி வந்தால் நல்லது. எட்டாவிட்டால் கவனிக்க வேண்டும். ஒல்லியானவர்களும் பார்க்கலாம். கைகால் மெலிந்து வயிறு மட்டும் வைப்பது நம்மிடையே சாதாரணம், ஆபத்து அந்த வயிற்றில்தான். 70 கிலோ உள்ளவர் 50 கிலோவாக வேண்டியதில்லை. நாலைந்து கிலோ குறைந்தாலே சீனி வியாதி வரும் ஆபத்து நன்றாகக் குறையும். மாதத்துக்கு ஒன்றிரண்டு கிலோ போதும். ஒரு மாதம் குறையாவிட்டால் மனம் விட வேண்டாம், அடுத்த மாதம் குறையும்.

இதை வீட்டில் ஒருவர் மட்டும் செய்ய முடியாது. அம்மாவுக்குத் தனிச் சமையல் என்றால் இரண்டு நாளில் நின்றுவிடும். வீடே ஒரே சட்டியில் சாப்பிட வேண்டும். எல்லோரும் தின்று முடித்த பிறகு மிச்சச் சோற்றையும் வெறுங்குழம்பையும் தின்னும் வழக்கத்தைப் பெண்கள் விட வேண்டும். ஆண்கள் அதற்கு இடம்கொடுக்க வேண்டும். முட்டையும் மீனும் சமைத்தவளுக்கும் உண்டு.

சங்கத்தின் கையில் இருப்பவை

மீதிப் பாதி தனியாளின் கையில் இல்லை. 2021இல் ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கும், 2024இல் 1,350 ரூபா அடிப்படைச் சம்பளத்துக்கும் நாம் எவ்வளவு போராடினோம் என்பது எல்லோருக்கும் தெரியும். 2022 நெருக்கடியில் மாவும் பருப்பும் ஏறிய விலையும் தெரியும். சம்பளப் பேச்சு என்பது தட்டில் பருப்பும் முட்டையும் வருமா என்ற பேச்சும்தான். அதோடு வேறு சில கோரிக்கைகளையும் நாம் முன்வைக்க வேண்டும்.

மலையில் உட்கார்ந்து சாப்பிடக் கூரையுள்ள இடமும் கை கழுவத் தண்ணீரும் வேண்டும். பகல் ஒரு மணி நேரத்தில் ஒரு நிமிடமும் குறையக் கூடாது. கிளினிக்குப் போகும் நாளுக்குப் பேர் போட வேண்டும். பேர் போய்விடும் என்ற பயத்தால்தான் பலர் வியாதி முற்றிய பிறகு போகிறார்கள். வீட்டுக்குக் கொடுக்கும் காணியில் மரக்கறி போட இடம் இருக்க வேண்டும். லயத்தில் இருப்பவர்களுக்கும் கைவிடப்பட்ட நிலத்தில் துண்டு கொடுக்க வேண்டும். கூட்டுறவுக் கடை உள்ள தோட்டங்களில் மாவும் சீனியும் போலவே பருப்பும் பயறும் நெத்தலியும் நியாய விலைக்கு இருக்க வேண்டும்.

35 வயது தாண்டிய எவரும் அரசாங்க ஆரோக்கிய வாழ்வு நிலையத்தில் இலவசமாகச் சீனியும் பிரஷரும் பார்க்கலாம். பெண்களுக்குச் சுவநாரி கிளினிக் இருக்கிறது. ஒவ்வொரு தோட்டத்திலும் மாதர் தலைவியும் தலைவரும் குடும்பநல உத்தியோகத்தரோடு பேசி ஒரு நாளைக் குறித்து, எல்லோரையும் கூட்டாக அழைத்துப் போகலாம். தனியாகப் போனால் வெட்கம். பத்துப் பேர் சேர்ந்து போனால் அது சங்க வேலை.

அடுத்த மாதாந்தக் கூட்டத்துக்கு வரும்போது தலைவர்மார் சந்தாப் புத்தகத்தோடு ஒரு கயிற்றையும் கொண்டுவாருங்கள். முதலில் உங்கள் வயிற்றை அளந்து காட்டுங்கள். பிறகு மற்றவர்களும் எழுந்து வருவார்கள். கொழுந்தில் ஒரு கிலோ கழித்தாலும் சண்டை போடும் நமக்கு, நம் உடம்பின் கணக்கைக் கேட்கவும் உரிமை இருக்கிறது.