பேசாத பிள்ளையும் பெரியவர்களின் கணக்கும்

மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பில் ஒரு தமிழ்ப் பெண் இருக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். தகப்பனார் மத்திய அரசில் குமாஸ்தா. பூர்வீகம் கும்பகோணம் பக்கம். மேலே என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டேன். "குழந்தைகள் மனோதத்துவம், மாமா" என்றாள். தகப்பனார் குறுக்கிட்டார்: "பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் உட்காரவா இவ்வளவு செலவழித்தேன்? பி.காம். படித்துவிட்டு பாங்குப் பரீட்சை எழுதட்டும்."

அவர்மீது எனக்குக் கோபமில்லை. நானும் ரயில்வேயில் பேனா பிடிப்பவன்தான். முதல் தேதிச் சம்பளத்தின் அருமை நமக்குத் தெரியும். ஆயினும் அந்தப் பெண்ணுக்கு இந்த ஆசை எப்படி வந்தது என்பதை அவர் கேட்டிருக்க வேண்டும்.

சென்ற ஆண்டு, பக்கத்துத் திரிலோக்புரிக்கு விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அந்த வீட்டு ஏழு வயதுப் பையன் பள்ளியில் வாயே திறக்கவில்லை. புத்தி மந்தம் என்று சொல்லிவிட்டார்கள். இந்தப் பெண் ஞாயிறுதோறும் அவனோடு பூங்காவில் உட்கார்ந்து, சாக்பீஸால் வீடும் ஆடும் வரைந்து, தமிழில் பேசினாள். மூன்றாவது வாரம் அவன் வாய் திறந்தான். வெளியே போக அனுமதி கேட்க ஹிந்தி தெரியாமல் ஒருநாள் வகுப்பிலேயே நனைத்துவிட்டானாம். எல்லோரும் சிரித்தார்கள். அன்றோடு மௌனம்! இதில் மந்தம் எங்கே இருக்கிறது?

வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, பாடத்தில் ஆங்கிலம் என்று வளர்ந்தவள் அவள். அந்த அலைச்சலே அவளுக்கு ஒரு தகுதி. ஹிந்திக்காரக் குழந்தைக்கும் அவள் உதவலாம். ஆனால் நம் பிள்ளையின் மௌனம் அவளுக்குத்தான் சட்டென்று புரியும்.

இது ஓரிரு பிள்ளைகளின் சங்கதியல்ல. 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. இடம் பெயர்வதும் பிள்ளை மனத்துக்குப் பெரும் பாரம். 2025 ஜூனில் ஜங்புரா மதராஸி முகாம் இடிக்கப்பட்டது. தகுதி பெற்ற குடும்பங்களுக்குத் தில்லியின் வடகோடியான நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். வீட்டுக் கணக்கு எடுத்தார்கள். பழகிய பள்ளியையும் தோழர்களையும் விட்டுப் போன பிள்ளையின் மனக்கணக்கை யார் எடுத்தார்கள்?

பாதை நீண்டது என்பது உண்மை. தில்லிப் பல்கலைக்கழகத்தில் இந்திரப்பிரஸ்தா, தௌலத் ராம், கார்கி போன்ற கல்லூரிகளில் மனோதத்துவப் பட்டப்படிப்பு உண்டு. 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டும். பிறகு மேற்படிப்பு. மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்கும் மனோதத்துவ நிபுணராக, இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த பயிற்சியும் பதிவும் வேண்டும். யமுனைக்கு இக்கரையில் நமக்கு அருகிலேயே, தில்ஷாத் கார்டனில் இஹ்பாஸ் இருக்கிறது. பெங்களூரில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. பாங்கு வேலையைவிடச் சம்பளம் தாமதமாகத்தான் வரும். அதைப் பெண்ணிடம் மறைக்க வேண்டாம். அதையே காரணமாக்கித் தடுக்கவும் வேண்டாம்.

நம் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் திரட்டும் பணத்தில் ஒரு பங்கை இப்படிப்பட்ட மாணவிக்கு உதவித்தொகையாகத் தரலாகாதா? அதுவரை, பிள்ளை வாடியிருக்கக் கண்டால் 14416 என்ற அரசின் டெலி-மானஸ் எண்ணை அழையுங்கள். 2022இல் தொடங்கிய இச்சேவையில் தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை.

அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தில் பாடத்தின் பெயர் எழுதும் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. தகப்பனாரே, பேனாவை அவளிடம் கொடுங்கள்.