விதியை முதலில் சொல்லுங்கள்

கல்லூரியில் சேரும்போது கட்டணம், விடுதி, வருகைப்பதிவு என்று எல்லாவற்றுக்கும் அச்சிட்ட விதிகளைக் கையில் தருகிறார்கள். சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பாடத்துக்கு எந்த அளவு பயன்படுத்தலாம் என்பதை மட்டும் பல இடங்களில் எழுதித் தருவதில்லை. ஒரு பேராசிரியர் தொடவே கூடாது என்கிறார். அடுத்த வகுப்பில் வருபவர் தாராளமாகப் பயன்படுத்து என்கிறார். நடுவில் திண்டாடுவது நம் பிள்ளைகள்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கருத்துத் திருட்டைத் தடுக்க விதிகள் கொண்டுவந்தது. பிறர் எழுத்தோடு ஒத்திருப்பது 10 சதவீதம் வரை என்றால் தண்டனை இல்லை. சாட்ஜிபிடி வந்ததோ 2022 நவம்பரில். அது புதிதாக எழுதித் தருவது எந்தப் புத்தகத்தோடும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். பழைய அளவுகோல் இதற்குப் போதாது.

எனவே, இயந்திரத்தின் எழுத்தைக் கண்டுபிடிக்க இன்னொரு இயந்திரத்தை நாடுகிறார்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன் ஏஐ நிறுவனமே தன் கண்டுபிடிப்புக் கருவியைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இத்தகைய 7 கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியவை என்று அவை தவறாகக் குறித்தன. எளிய சொற்களில் எழுதுவதே சந்தேகத்துக்கு இடமாகிவிடுகிறது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தியோ கன்னடமோ, வகுப்பில் ஆங்கிலம் என்று வளரும் நம் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமா?

ஹரியானாவில் ஒரு சட்ட மாணவரின் விடைத்தாளில் 88 சதவீதம் செயற்கை நுண்ணறிவு எழுதியது என்று கூறித் தேர்ச்சி மறுத்தார்கள். அவர் 2024-இல் உயர்நீதிமன்றம் சென்றார்; பிறகு பல்கலைக்கழகமே அவருக்குத் தேர்ச்சி அளித்தது. எல்லாக் குடும்பங்களாலும் நீதிமன்றம் போக முடியுமா?

ஆசிரியர்களின் கவலையும் நியாயமானதே. கட்டுரை முழுவதையும் இயந்திரத்திடம் எழுதி வாங்கிக் கொடுக்கும் மாணவன் எதையும் கற்கவில்லை. அதனால்தான் விதி வேண்டும் என்கிறோம். எது கூடும், எது கூடாது என்பதைப் பாடவாரியாகப் பருவத் தொடக்கத்திலேயே எழுதித் தரட்டும். சந்தேகம் வந்தால் மாணவனை அழைத்து, எழுதியதைப் பற்றி நேரில் பத்துக் கேள்வி கேட்கட்டும். தானே எழுதியவனுக்குப் பதில் தெரியும். கருவி காட்டும் சதவீதத்தை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது.

பெற்றோரே, அடுத்த முறை கல்லூரிக்குச் செல்லும்போது விடுதிச் சாப்பாட்டைப் பற்றி விசாரிப்பதோடு இந்த விதியையும் கேளுங்கள். நம் பிள்ளைகளும் தங்கள் குறிப்புகளையும் முதல் வரைவையும் பத்திரமாக வைத்திருக்கட்டும்.