மலையைச் சுற்றிக் காட்ட நம் பிள்ளைகள் இல்லையா?



போன மாதம் பாடசாலை விட்டுப் பிள்ளைகளோடு நடந்து வந்தேன். வளைவில் ஒரு சுற்றுலா வேன் நின்றது. இறங்கிய வெள்ளைக்கார அம்மா ஒருவர், மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களைக் காட்டி, "இவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "பக்கத்துக் கிராமத்தில்" என்றார் கூட வந்த வழிகாட்டி. கீழே நம் லயங்களின் தகரக் கூரை பளிச்சென்று தெரிகிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என் கையைப் பிடித்து, "டீச்சர், நம்ம லயம் அவருக்குத் தெரியலையா?" என்றாள்.

கண்டி, நுவரெலியா, எல்ல என்று போகும் இந்தச் சுற்றுலாவில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கதை உண்டு. கண்டி வாவியைக் கட்டியவர் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். நுவரெலியா வாவி 1873இல் ஆளுநர் கிரகரி காலத்தில் வந்தது. 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டவர் ஜேம்ஸ் டெயிலர். தம்பேதன்னையில் லிப்டன் உட்கார்ந்து மலையைப் பார்த்த இடம் இது. எல்லாம் உண்மைதான். ஆனால் காட்டை வெட்டியவர் யார், குழி தோண்டிக் கன்று நட்டவர் யார் என்ற கேள்விக்கு அந்தக் கதையில் பதில் இல்லை.

மாத்தளையில் வாசனைத் திரவியத் தோட்டத்தைக் காட்டுகிறார்கள். மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர் காட்டு வழியாக நடந்து வந்து சேர்ந்த ஊரும் அதே மாத்தளைதான். வழியில் பசியிலும் கொலராவிலும் விழுந்தவர்கள் ஏராளம். 2023இல், மலையகத்துக்கு 200 ஆண்டு என்று, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் மறுபடி நடந்தார்கள். அந்த நடையையும், 1948இல் நம் குடியுரிமை பறிபோனதையும் எந்த வேனில் சொல்கிறார்கள்?

"அவங்க பாத்துட்டுப் போகட்டும், நமக்கென்ன நட்டம்?" என்று சிலர் கேட்கலாம். நட்டம் உண்டு. படத்துக்காகக் கூடையோடு நிற்கும் பத்து நிமிடத்தில் நிறை குறையும். நிறை குறைந்தால் அரைப்பேர் விழுவது நமக்குத்தான். நம் மலையைக் காட்டி வரும் வருமானம் ஹோட்டலுக்கும் கம்பெனிக்கும் போகிறது. சாதாரண தரம் முடித்த நம் பிள்ளை கொழும்பில் கடை வேலைக்கு பஸ் ஏறுகிறது.

உல்லாசப் பிரயாணிகள் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வரட்டும். அவர்களுக்கு நம் மலையைப் பற்றிச் சொல்லும் வாயும், அதற்கான கூலியும் நம் பிள்ளைகளுக்கும் வேண்டும். நம் சங்கம் மூன்று விஷயங்களைக் கையில் எடுக்க வேண்டும்.

முதலாவது, சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழிகாட்டிகளுக்குப் பயிற்சிக்குப் பின் அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. ஒரு பிரதேசத்துக்கு மட்டுமான வழிகாட்டி அனுமதியும் அதில் உண்டு. அந்தப் பயிற்சியை ஹட்டனிலும் பண்டாரவளையிலும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நடத்தும்படி கேட்போம். சங்கக் காரியாலயத்தில் மாலை ஆங்கில வகுப்பு தொடங்கினால் கற்பிக்க நான் வருகிறேன்.

இரண்டாவது, பங்களாவையும் தேயிலைத் தொழிற்சாலையையும் காட்டிக் கம்பெனி சம்பாதிக்கும் தோட்டங்களில், அந்த வேலைகள் முதலில் தோட்டத்து இளைஞருக்கே என்பதைப் பேச்சுவார்த்தையில் வைப்போம்.

மூன்றாவது, வேலை நேரத்தில் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது என்று தோட்ட நிர்வாகம் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. டொபிக்காகப் பிள்ளைகள் வேனுக்குப் பின்னால் ஓட விடாதீர்கள். இரவில் பாட்டியைக் கூப்பிட்டு, அவர்கள் எந்த ஊரிலிருந்து, எப்படி வந்தார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள். அந்தக் கதை தெரியாத பிள்ளை நாளைக்கு அனுமதிப்பத்திரம் வாங்கினாலும் டெயிலர் கதையைத்தான் சொல்லும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். அந்த மாணவியின் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நாம் எல்லோரும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும்.