அம்மாவின் பஷ்மினாவும் வாஷிங் மெஷினும்

போன மாதம் அம்மாவின் பஷ்மினா சால்வையை வாஷிங் மெஷினில் போட்டுவிட்டேன். காஷ்மீர் டூரில் அப்பா வாங்கிக் கொடுத்தது. யாரையும் தொடவிடாமல் பீரோவில் காத்து வைத்திருந்தார். வெளியே எடுத்தால், கைக்குழந்தைக்குப் போர்த்தும் அளவுக்குச் சுருங்கி, கம்பளி மாதிரி தடித்திருந்தது. அம்மா திட்டவே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

விசாரித்தபோதுதான் அதன் மதிப்பு புரிந்தது. லடாக்கின் சாங்தாங் பகுதியில், சுமார் 14,000 அடி உயரத்தில், சாங்பா நாடோடி மக்கள் வளர்க்கும் ஆடுகளின் ரோமம் அது. கடுங்குளிரைத் தாங்க, முரட்டு முடிக்கு அடியில் பஞ்சு போல வளரும். குளிர்காலம் முடிந்து உதிரத் தொடங்கும்போது சீப்பால் வாரி எடுக்கிறார்கள். ஓர் ஆட்டுக்கு வருஷத்துக்குச் சில நூறு கிராம்தான். முரட்டு முடியைப் பிரித்தால் அதில் பாதி தேறினாலே அதிகம். பிறகு காஷ்மீர் பெண்கள் ராட்டையில் நூற்க வேண்டும். உலகம் கேஷ்மியர் என்று அழைப்பதும் இந்த வகை ரோமத்தைத்தான்.

வாங்கும்போது, மோதிரத்துக்குள் நுழைத்துக் காட்டினால் மயங்காதீர்கள். மெல்லிய விஸ்கோஸ் சால்வையும் நுழையும். காஷ்மீர் பஷ்மினாவுக்கு 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இழை 16 மைக்ரானுக்கு மிகாமல், கையால் நூற்று, கைத்தறியில் நெய்த சால்வைக்குத்தான் அந்த முத்திரை. (எங்கள் சால்வை சுருங்கியதில் ஒரு நிம்மதி: விஸ்கோஸைக் கொடுத்து அப்பாவை யாரும் ஏமாற்றவில்லை!)

சரி, எப்படித் துவைப்பது? நம் தலைமுடி போல இதுவும் புரதம். என்சைம் கலந்த டிடர்ஜென்ட் அந்தப் புரதத்தையே அரிக்கும். இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. ஈரத்தில் சூடும் உரசலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். அப்புறம் பிரிக்க முடியாது. அதனால் பச்சைத் தண்ணீரில் சில துளி பேபி ஷாம்பு விட்டு, கசக்காமல் மெதுவாக அமுக்கி அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல், டவலில் வைத்துச் சுருட்டி ஈரத்தை எடுத்துவிட்டு, நிழலில் விரித்து உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீண்டு தொங்கிவிடும். எம்பிராய்டரி இருந்தால் டிரை கிளீனிங்தான் நல்லது.

பூச்சிக்கு வியர்வையும் அழுக்கும் படிந்த துணி என்றால் கொண்டாட்டம். சுத்தம் செய்து, நன்றாக உலர்ந்தபின் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் தங்கிப் பூஞ்சை வரும். அவ்வப்போது வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள்.

சுருங்கிய சால்வை இப்போது பாட்டியின் முழங்காலில் இருக்கிறது. ஏசி போட்டால் அதைத்தான் கேட்கிறார்.